அசதி எங்கயும் போகல ராசா

டின்ன அப்பிடியே கீழ வையி ராசா. நசுக்கிடாத, பத்திரமா வையி. அதுக்குக் குடுத்த காசுல இந்த வீட்டுக்கு ஒரு வாரத்துத் தேயிலத்தூள் வாங்கியிருக்கலாம். கொழும்புல ராத்திரி வேல, கண்ணு முழிக்கணும், அதான் குடிக்கிறேங்கிற. சரி, ஒத்துக்கிறேன். உள்ளுக்கு என்னா இருக்குன்னு கேட்டா "எனர்ஜி தாத்தா"ங்கிற. ஏ லெவலுக்கு உயிரியல் படிக்கிற உன் தங்கச்சி, வெளிச்சத்துல புடிச்சு அந்தப் பொடி எழுத்த வாசிச்சுச் சொன்னா: 250 மில்லிலீட்டர்ல 80 மில்லிகிராம் காபீன். மத்ததுல தண்ணி போகப் பெரும்பங்கு சீனி. அதாவது ரெண்டு கிளாஸ் சாயத்தண்ணியும் ரெண்டு கை சீனியும். அட்டன்ல பொறந்து, கொழுந்து மடுவத்துல ஓடித் திரிஞ்சு, அதே சரக்கத் தகரத்துல அடச்சுக் கொழும்புல காசு குடுத்து வாங்கிக் குடிச்ச மொத ஆளு நம்ம வம்சத்துலயே நீதான். உன் அப்பாயி இருந்திருந்தா மொளகா சுத்திப் போட்டிருப்பா.

கோவிச்சுக்காத. நானும் காபீன் வித்த கூட்டந்தான். ஸ்டோர்ல கொழுந்த வாட்டி, ரோதையில அரச்சு, புளிக்க வச்சு, சுட்டு, சலிச்சுப் பெட்டியில அடச்சு அனுப்பினவன். ஸ்டோர்ச் சாமி ரோதமுனிக்குப் பூச போட்டவன். காஞ்ச தூள்ல நூத்துக்கு ரெண்டுல இருந்து நாலு பங்கு இந்தச் சரக்குதான். லண்டன்காரன் வாசத்துக்கும் சாயத்துக்கும் வெல வச்சு வாங்கினான். ஆனா மறுபடி மறுபடி வந்து வாங்கினது அந்த நூத்துல மூணு பங்குக்காகத்தான். அதனால டின்னுக்காரன நான் குத்தம் சொல்ல மாட்டேன். நாம பெட்டியில செஞ்சத அவன் தகரத்துல செய்யிறான், அவ்வளவுதான்.

இப்ப அது ஒடம்புக்குள்ள போயி என்னா பண்ணுதுன்னு கேளு. நீ காலையில கண்ணு முழிச்ச நேரத்துல இருந்து மூளையில ஒண்ணு சேந்துக்கிட்டே வரும். அடினோசீன்னு பேரு. எவ்வளவுக்கு முழிச்சிருக்கியோ, எவ்வளவுக்கு ஓடியாடுறியோ, அவ்வளவுக்கு அது கூடும். மூளையில அதுக்குன்னே நாற்காலி போட்டு வச்சிருக்கு. அது வந்து உக்காந்தா உத்தரவு கெளம்பும்: போதும், கைய மடக்கு, போயிப் படு. காபீன் பாக்கிறதுக்கு அது சாடையிலயே இருக்கும். குடிச்சு முக்கா மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல நல்லா ஏறி, மூளைக்குப் போயி அந்த நாற்காலியில ஏறி உக்காந்துக்கும். உக்காந்து உத்தரவு ஒண்ணும் போடாது. கணக்கப்பிள்ளை வர்றதுக்கு முந்தியே அவரு நாற்காலியில உக்காந்துக்கிட்டுப் பேப்பர் பாக்கிற ஆளு மாதிரி, சும்மா உக்காந்திருக்கும். கணக்கப்பிள்ளை வெளிய நிக்கிறாரு. பேர்க்கணக்கு எழுதுற செக்ரோலு கையிலதான் இருக்கு. ஒரு வரிகூட அழியல. உக்காந்தவன் எந்திரிச்சுப் போனதும் உள்ள வந்து மொத்தக் கணக்கையும் ஒண்ணா வாசிப்பாரு. அதுதான் நீ ஊருக்கு வர்ற பஸ்ல வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறது.

ஆக, அசதி எங்கயும் போகல ராசா. அசதி வந்த சேதிதான் உனக்கு வரல.

இந்த வித்தயிலதான் தோட்டம் ஓடிச்சு. விடியறதுக்கு முந்தியே பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பாங்க. அடுப்புல தண்ணி கொதிக்கும், தூளக் கொட்டுவாங்க, சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டு ஒரு கிளாஸ் சாயத்தண்ணி, அப்புறம் மல. வயித்துல ஒண்ணுமில்ல, கண்ணு மட்டும் முழிச்சிக்கிச்சு. பசி, அசதி ரெண்டுக்கும் ஒரே மருந்து, அதுவும் தோட்டத்துலயே வெளையிற மருந்து. எந்தத் தொரைக்கு இதவிட மலிவான ஏற்பாடு கெடைக்கும்? அரிசி குடுத்தா செலவு. தூளு ஸ்டோர் தரையில கூட்டினாலே கெடைக்கும்.

உன் தங்கச்சி இன்னொண்ணு சொன்னா, நான் சிரிச்ச சிரிப்புல வெத்தில தெறிச்சிருச்சு. ஒலிம்பிக்ல ஓடுறவன் மூத்திரத்துல காபீன் ஒரு அளவுக்கு மேல இருந்தா வெலக்கிடுவாங்களாம். 2004லதான் அந்தத் தடைய எடுத்தாங்களாம். தடை போட்டது ஏன்னா, காபீன் குடிச்சவன் கூட நேரம் களைக்காம ஓடுவான், அது சோதிச்சுப் பாத்த உண்ம. பாத்தியா! கோட்டு சூட்டுப் போட்ட நடுவர் எல்லாம் உக்காந்து, இது நியாயமில்ல, இது ஊக்க மருந்துன்னு தீர்ப்புச் சொன்ன சரக்க, சரிவான மலையில கூடைய மாட்டிக்கிட்டு ஏறின உன் அப்பாயிக்கு வாளியில கொண்டுபோயி ஊத்தினாங்க. பதக்கந்தான் யாரும் குடுக்கல. கொழுந்து எட போதலன்னா அரப்பேருன்னு அர நாள் சம்பளம் போட்டாங்க.

வேடிக்கயக் கேளு. நம்ம பாட்டன்மாரு தேத்தண்ணிக்காரங்களே இல்ல. ஊர்ல இருந்தவரைக்கும் கூழு, கஞ்சி, நீராகாரம். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னு ஆ. இரா. வேங்கடாசலபதி தமிழ்நாட்டுல ஒரு புத்தகமே போட்டிருக்காரு. காபீன நாக்குல வச்சே பாக்காத சனம், காபீனுக்காகவே கடல் தாண்டிச்சு. தலைமன்னார்ல எறங்கி, மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்து, காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பாதிச் சொந்தத்த வழியிலயே குடுத்துட்டு வந்து சேந்தது கோப்பித் தோட்டத்துக்கு. 1869ல கோப்பி எலையில செம்மஞ்சளா ஒரு பொடி படிஞ்சிச்சு. அது ஒரு பூஞ்சணம். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்னு அதுக்குப் பேரு. வாயில நொழையாத அந்தப் பேர தொரமாரு 'நாசகார எமிலி'ன்னு ஆக்கிட்டாங்க. எமிலி நாசம்தான் பண்ணினா. இருவது வருசத்துக்குள்ள மலைமலையா நின்ன கோப்பி படுத்திருச்சு. நடுவுல கொஞ்ச காலம் சிங்கோனா மரம் நட்டுக் கொயினாப் பட்ட உரிச்சுப் பாத்தாங்க. அதுவும் வெல போகல. அதுக்குள்ள லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் 1867லயே 19 ஏக்கர்ல வச்ச தேயில கைகுடுத்திருச்சு.

பூஞ்சணம் கோப்பியத்தான் கொன்னுச்சு, காபீன ஒண்ணும் பண்ண முடியல. தொர செடிய மாத்தினான், சரக்க மாத்தல, ஆளையும் மாத்தல. 1883ல கொழும்புல ஏலம் தொடங்கிச்சு. நல்ல தூளெல்லாம் அங்க போயிச்சு, கழிச்சது லயத்துக்கு வந்துச்சு.

1927ல காந்தி இலங்கைக்கு வந்தாரு. கதர் நிதிக்குப் பணம் சேக்க மலைநாட்டுப் பக்கமும் வந்து தோட்டத்துச் சனத்துக்கிட்ட பேசினாரு. சாராயத்த விடுங்கன்னாரு. அவருக்குத் தேத்தண்ணியும் ஆகாது, கோப்பியும் ஆகாது. இது ரெண்டும், கோக்கோவும் ஒடம்புக்குத் தேவையில்லன்னு பின்னால எழுதியும் வச்சாரு. தேயிலயக் கிள்ளிச் சம்பாதிச்ச சில்லறைய முடிச்சவுத்து நம்ம சனம் அவரு கையில குடுத்துச்சு. வாங்கிக்கிட்டாரு. நல்ல மனுசன். காசு எந்தச் செடியில காச்சதுன்னு கேக்கல.

செடி இந்தச் சரக்க நமக்காகவா செஞ்சு வச்சிருக்கு? பூச்சிய வெரட்ட. அதனாலதான் இளசா இருக்கிற எடத்துல, மொட்டுலயும் மொத எலையிலயும், காபீன் கூடுதல். முத்தின எலையில கொறவு. ரெண்டு எல ஒரு மொட்டுன்னு நம்ம பொம்பளைங்க வெரல் நுனியால பாத்துப் பாத்துக் கிள்ளுறது, பூச்சி தொடக்கூடாதுன்னு செடி வெசம் ஏத்தி வச்ச எடத்த. பூச்சிக்குப் புத்தி இருக்கு, வெலகிப் போகுது. நாம சீனி போட்டுக் குடிக்கிறோம். அமெரிக்காவுல நாசாக்காரங்க 1995ல செலந்திக்குக் காபீன் குடுத்துப் பாத்தாங்களாம். அது கட்டின வலையில ஒரு இழ இன்னொரு இழையோட ஒழுங்காச் சேரலயாம். ராத்திரி மூணு மணிக்கு நீ கம்ப்யூட்டர்ல தட்டுறதயும் ஒருத்தன் படம் புடிச்சுப் பாக்கணும்.

உங்கம்மா உள்ள இருந்து சத்தம் போடுறா, கேக்குதா? "நான் கோப்பியத் தொடுறதில்ல, எனக்கு எங்கிட்டு வரும் காபீனு"ங்கிறா. ஜெர்மனியில ருங்கேங்கிற வாலிபன் 1819ல கோப்பிக்கொட்டையில இருந்து இதப் பிரிச்செடுத்தான். கொட்டையக் கையில குடுத்து இத ஆராய்ஞ்சு பாருன்னு சொன்னது கதேங்கிற பெரிய கவிஞர். அப்புறம் தேயிலைல இருக்கிறது வேறன்னு கொஞ்ச காலம் வாதாடிப் பாத்து, ரெண்டும் ஒண்ணுதான்னு அடங்கிட்டாங்க. உங்கம்மா இன்னும் அடங்கல. பால் ஊத்தினா கொறையும்ங்கிறா. கொறையாது. சாயம் வெளுப்பா இருந்தா காபீனும் கொஞ்சம்ங்கிறா. காபீனுக்கு நெறமே கெடையாது, கசப்பு மட்டுந்தான். சாயம் வேற சரக்கு. டவுனுக்குப் போயிப் பச்சத் தேயில வாங்கி இடுப்பக் கொறைக்கப் பாக்கிற கிளாக்கரம்மாவும் காபீனத்தான் குடிக்கிறா. ஒண்ணு மட்டும் மெய்: தூளு பொடிசானா எறங்குறது சுருக்கா எறங்கும். கடைக் கேத்தல்ல டஸ்ட்டப் போட்டுக் காலையில இருந்து கொதிக்க விடுறானே, அதுல எறங்காம மிச்சம் இருந்தா அது தூளே இல்ல.

இனி கொஞ்சம் காதக் குடு. சிரிக்கிற விசயம் இல்ல, ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னாத்தான் நம்ம வீட்டுப் பொம்பளைங்க கேப்பாங்க.

மலையில தேத்தண்ணி நேரம் வரும். கூடைய எறக்கி வச்சிட்டு, ரொட்டியப் பிச்சுச் சம்பல்ல தொட்டு, போத்தல்ல கொண்டுபோன சாயத்தண்ணிய மேல ஊத்தி எறக்குவாங்க. ரொட்டியில, கீரையில, பருப்புல இருக்கிற இரும்புச்சத்த குடல் எடுத்துக்கிற நேரம் அது. அந்த நேரத்துல தேத்தண்ணியில இருக்கிற துவர்ப்பு போயி இரும்பக் கட்டிப் புடிச்சுக்கும். பாதிக்கு மேல ரத்தத்துல சேராமலே வெளிய போயிரும். இது காபீன் பண்ற வேலயில்ல, பழிய அது மேல போடக்கூடாது. இது துவர்ப்போட வேல. ஆனா ரெண்டும் ஒரே கிளாஸ்லதான வருது. ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல சொல்லிருச்சு: சாப்பாட்டுக்கு முன்ன ஒரு மணி நேரம், பின்ன ஒரு மணி நேரம் தேத்தண்ணி, கோப்பி வேணாம்னு. அவங்க சொன்ன கணக்குல 150 மில்லிலீட்டர் தேத்தண்ணியில 30ல இருந்து 65 மில்லிகிராம் வரைக்கும் காபீன் இருக்கு. நாளைக்கு 300 தாண்டாதங்கிறாங்க. ஐரோப்பாக்காரன் வளந்த ஆளுக்கு 400 வரைக்கும் போகட்டும்ங்கிறான். கெட்டிச் சாயம்னு வச்சா, 300 கணக்குல நாலு கிளாஸ், 400 கணக்குல ஆறு, அதுக்கு மேல போகக்கூடாது. மேல் லயத்துப் பூசாரி விடியக்குள்ளயே நாலு முடிச்சிடுறாரு. சாமிக்கு வச்சதுன்னு ஒண்ணு, சாமி குடிக்கலன்னு ஒண்ணு.

இரும்புக்கு வர்றேன். மிட்வைஃப் அம்மா வெயிலு மழன்னு பாக்காம மேடு ஏறி வந்து, ரத்தம் கொறவா இருக்கு, இத முழுங்குன்னு இரும்பு மாத்திர குடுத்துட்டுப் போறா. நம்மாளு என்னா பண்ணுறா? பக்கத்துல சூடா இருக்கிற சாயத்தண்ணியிலயே முழுங்குறா! மாத்திரையில ஒரு பங்கு வீணு. அடுத்த மாசம் ரத்தம் பாத்தா அப்பிடியே இருக்கு. "மாத்திர சரியில்லம்மா, டவுன் டாக்டர்கிட்ட போவோம்"ங்கிறா. அங்க போயி காசு குடுத்து அதே மாத்திரைய வாங்கிட்டு வந்து, அலுப்பா இருக்குன்னு இன்னொரு கிளாஸ் ஊத்திக்கிறா. ரத்தமில்லாததால அசதி, அசதிக்குத் தேத்தண்ணி, தேத்தண்ணியால ரத்தமில்ல. இந்த ராட்டினத்துல ஏறினவ எறங்குறதே இல்ல. மாத்திரையத் தண்ணியில முழுங்கு. சம்பல்ல தேசிக்காயக் கூடப் பிழி, புளிப்பு இரும்பு சேர ஒத்தாசை பண்ணும். தேத்தண்ணிய ஒரு மணி நேரம் தள்ளு. கேளு, குடிக்காதன்னா சொன்னேன்? தள்ளுன்னுதான் சொன்னேன். ஆனா நாளுச் சம்பளத்துக்குப் போறவளுக்குச் சாப்பாட்டுக்கு ஒண்ணு, தேத்தண்ணிக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவ ஓய்வு குடுக்கணும். அந்தப் புத்திமதிய நான் சொல்ல வேண்டிய எடம் வேற.

இன்னொரு வம்பும் இருக்கு. காபீன் ஒண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலா இழுக்கும். பழகின ஒடம்புக்கு அவ்வளவா இல்ல, ஆனாலும் குடிச்ச தண்ணி வெளிய வரத்தான் செய்யும். மலையில கக்கூஸ் எங்க இருக்கு? அதனால பொம்பளைங்க பாதிப் பேரு தண்ணியே குடிக்காம இருக்காங்க, அப்புறம் நீர்க்கடுப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. தேயில உற்பத்தியக் கணக்குப் பாக்கிற ஆளுக, குடிச்ச தேத்தண்ணி போற வழியவும் ஒரு நாள் கணக்குப் பாத்தா தேவல.

பக்கத்துக் காம்பராக்காரி கந்தசஷ்டிக்குத் தேத்தண்ணியும் தொடாம வெரதம் இருந்தா. மொத நாளு மத்தியானமே மண்டை ரெண்டாப் பொளந்திருச்சு. கண்ணு பட்டிருச்சுன்னு உப்பு சுத்தினாங்க. போகல. செய்வினைன்னு ஒருத்தன் நூலக் கட்டினான். போகல. கடசியில டவுன் கடையில ஒரு தலவலி மாத்திர வாங்கிக் குடுத்தாங்க, அர மணியில போயிருச்சு. முருகன் கண்ணத் தொறந்துட்டாருன்னா. உன் தங்கச்சி மாத்திர அட்டையத் திருப்பிப் பாத்தா: பராசிட்டமோல் 500 மில்லிகிராம், கூட காபீன் 65! வாசக்கதவு வழியா வேணாம்னு சொன்னத அவ கொல்லப்பக்கமா வாங்கிட்டா. தெனம் குடிச்சுப் பழகினவன் பட்டுன்னு நிறுத்தினா, ஒரு நாளு போறதுக்குள்ள தலவலி வரும், ரெண்டாம் நாளு உச்சம், சில பேருக்கு ஒம்போது நாளு வரைக்கும் இழுக்கும். காபீன் மூளையில இருக்கிற ரத்தக்குழாயச் சுருக்கி வச்சிருக்கும். அது இல்லாமப் போனதும் குழா விரியும், அந்த இடிதான் அது. வெரதம் இருக்கிறவங்க ஒரு வாரத்துக்கு முந்தியே நாளுக்கு ஒரு கிளாஸ் கொறச்சுக்கிட்டு வாங்க. முருகனுக்கும் சங்கடம் இல்ல.

சம்பளத்தன்னிக்குக் கோடிக்காம்பராக்காரன் வர்ற வரத்துக்கு வருவோம். அவன் பொண்டாட்டி அவன இஸ்தோப்புல உக்கார வச்சு, வெறி எறங்கட்டும்னு கெட்டிச் சாயமா ரெண்டு கிளாஸ் ஊத்துறா. பாவம், நல்ல மனசு. ஆனா சாராயத்த ரத்தத்துல இருந்து எறக்கறது கல்லீரலு. அது அதோட வேகத்துலதான் செய்யும், தேத்தண்ணி சொன்னாக் கேக்காது. தேத்தண்ணி அவன முழிக்க மட்டுந்தான் வைக்கும். தூங்கிப் போயிருக்க வேண்டிய வெறிகாரன் இப்ப முழிச்சிக்கிட்டிருக்கிற வெறிகாரன். சும்மா கெடந்தவன எழுப்பி உக்கார வச்சு, அப்புறம் ஏன் அடிக்கிறான்னு அழுதா? விடு, தூங்கட்டும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு நீயும் தூங்கு.

சரி, உன் ராத்திரி வேலைக்கு வர்றேன். குடிச்ச காபீன்ல பாதி கழியவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும், மூணுலயும் முடியும், ஏழும் ஆகும். அந்தி ஆறு மணிக்கு நீ குடிச்ச கிளாஸ்ல பாதி, ராத்திரி பதினொண்ணுக்கும் உனக்குள்ள முழிச்சிருக்கு. படுக்கிறதுக்கு ஆறு மணி நேரத்துக்கு முந்தி 400 மில்லிகிராம் குடுத்துப் பாத்ததுல, தூக்கத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல கொறஞ்சிருக்கு. குடிச்சவனுக்குத் தான் தூங்கலங்கிறதே சரியாத் தெரியல. நீ என்னா பண்ணுற? விடிய அஞ்சு மணிக்கு ஒரு டின்னு, ஏழு மணிக்கு வேல முடியுது, எட்டு மணிக்குப் படுக்கிற, தூக்கம் வரலங்கிற, எந்திரிச்சு இன்னொண்ணு வாங்குற. வேல தொடங்கும்போது குடி, வேணாங்கல. நடு ராத்திரி தாண்டினா தொடாத. எடையில இருவது நிமிசம் தலையக் கவுத்துப் படுத்து எந்திரி, அத விக்கிறதுக்கு இன்னும் எவனும் டின்னு கண்டுபுடிக்கல. நெஞ்சு படபடன்னா, கை நடுங்கினா, ஒடம்பு போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம். ரத்த அழுத்தம் இருக்கிறவனுக்கு, பழக்கமில்லாமக் குடிச்சா, கொஞ்ச நேரத்துக்கு அதுவும் ஏறும்.

என்ன, சட்டப் பையில சுருட்டு வாசன வருது? மறைக்காத. பொகை குடிக்கிறவனுக்குக் கல்லீரலு காபீன ரெண்டு மடங்கு வேகமாக் கழிச்சிடும். அதான் உனக்கு ஒண்ணு பத்தல, ரெண்டு பத்தல. ஆனா பொகைய விட்ட அன்னைக்கு தேத்தண்ணியையும் பாதியாக் கொறச்சுக்க. இல்லாட்டி, பழைய அளவே குடிச்சிட்டு, படபடப்பு வந்ததும் "பொகைய விட்டதாலதான் நெஞ்சு அடிக்குது"ன்னு திரும்பப் பத்த வைப்ப. நம்ம ஆளுக அப்பிடித்தான் பல பேரு கெட்டது.

எல்லா நேரமும் கணக்குப் பாத்துக்கிட்டே இருக்கணும்னும் இல்ல. காமன் கூத்து ராத்திரியில விடிய விடிய கேத்தல் எறங்காது, அன்னைக்குக் குடிக்காதவன் மனுசனே இல்ல. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியா ராத்திரி ஏறுறவன் வழியில இருக்கிற கடையெல்லாம் நின்னு குடிக்கட்டும். அன்னைக்கு அவனுக்கு வேணும்ங்கிறதே சூரியன் வர்ற வரைக்கும் முழிச்சிருக்கிறதுதான். தெனமும் மலை ஏறுறவங்களுக்குத்தான் கணக்கு.

உங்கக்கா நிறைமாசமா வந்திருக்கா. அவளுக்கு ஒரு வார்த்த. வயித்துல புள்ள இருக்கும்போது, அதுவும் கடசி மாசங்கள்ல, காபீன் பாதி கழியப் பதினஞ்சு மணி நேரம் வரைக்கும் ஆகும். காலையில குடிச்சது ராத்திரி வரைக்கும் உள்ளயே சுத்தும், புள்ளைக்கும் போகும். அதைக் கழிக்கிற தெறம புள்ளைக்கு இன்னும் வரல. கர்ப்பமா இருக்கிறவளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராமத் தாண்டாதங்கிறாங்க. நாளுக்கு ரெண்டு கிளாஸோட நிறுத்திக்கச் சொல்லு. அவ மாமியார் "நாங்கெல்லாம் குடிக்கலியா, புள்ள பெறலியா"ன்னு வருவா. பெத்தீங்க ஆத்தா, எத்தன புள்ள எட கொறஞ்சு பொறந்துச்சுன்னும் சேத்துச் சொல்லுங்கன்னு நான் சொன்னேன்னு சொல்லிரு. எங்க ரெண்டு பேருக்கும் ஏற்கனவே பேச்சு இல்ல.

புள்ள பொறந்த பெறகு நடக்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தாய் மலைக்குப் போயிருவா. புள்ள பிள்ளக்காம்பராவுல அழும், இல்லாட்டி வீட்டுல கெழவி மடியில அழும். சில வீட்ல போத்தல்ல சாயத்தண்ணியும் சீனியும் ஊத்தி வாயில வச்சிடுறாங்க. புள்ள அடங்கிரும், சீனிக்கு அடங்குது. பச்சப் புள்ளையோட கல்லீரலுக்கு காபீன் பாதியக் கழிக்கவே மூணு நாலு நாளாகும். இன்னைக்குக் குடுத்தது எறங்கல, நாளைக்குக் குடுத்தது மேல ஏறுது. "தாத்தா, கொறமாசத்துல பொறந்த புள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வந்தா ஆஸ்பத்திரியில காபீன்தான் மருந்தாக் குடுக்கிறாங்க"ன்னா உன் தங்கச்சி. மெய்தான். ஆனா அத ஆஸ்பத்திரியில, எட பாத்து, மில்லிகிராம் அளந்து, பக்கத்துல நர்ஸ் நின்னு குடுக்கிறாங்க. நம்ம கெழவி அலுமினியக் கேத்தல்ல இருந்து அளக்கிறா.

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒண்ணும் வேணாம், தண்ணிகூட வேணாம். நடக்கிற புள்ளைக்கும் தேத்தண்ணி வேணாம். அதனால லயத்துல இருக்கிற எல்லாருக்கும் ஒரு விண்ணப்பம்: உங்க கிளாஸ நீங்க குடிங்க, கைப்புள்ள போத்தல்ல சாயத்தண்ணி ஊத்தாதீங்க. புள்ள அழுதா மலைக்கு ஆள் அனுப்பித் தாயக் கூப்பிட்டு விடுங்க. யாரு வேலைய விட்டு வரச் சொன்னதுன்னு கண்டாக்கு கேட்டா, என் பேரச் சொல்லுங்க.